ஊருணிக்குப் போகும் வழியில் ஒரு கழிவறைக் குழாய்

போன தை மாதம் காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஓர் ஆச்சி கூப்பிட்டார். "தம்பி, கிணத்துத் தண்ணி ஒரு வாரமா வாடை அடிக்குது. பேரன் கல்யாணம் முடிஞ்சு எல்லாரும் கிளம்பிப் போன மறுநாள்லேருந்துதான். தூர் வாரணுமா, மருந்து போடணுமா, ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லுங்க."

கழிவுநீர்த் தொட்டிகளுக்கு வரைபடம் போடுவதும் பழுதானதைச் சரிசெய்வதும்தான் என் வேலை. கல்யாணம் நடந்த வீடு என்று ஆச்சி சொன்னதுமே பாதி விஷயம் பிடிபட்டுவிட்டது. இந்தப் பக்கத்து வீடுகள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும், இல்லையென்றால் வயதான ஒருவரோ இருவரோ இருப்பார்கள். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று வந்தால் சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சனம் வந்து இறங்கும். வீடு தாங்கும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செப்டிக் டேங்க் தாங்காது.

ஏன் தாங்காது என்பதற்கு ஆச்சி வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். உள்ளளவு 6 அடி நீளம், 3 அடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் 4 அடி. கிட்டத்தட்ட 2,000 லிட்டர். ஆச்சியும் துணைக்கு இருக்கும் பெண்ணும் மட்டும் இருக்கும்போது ஒரு நாளைக்கு 100 லிட்டர் உள்ளே போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன தண்ணீர் வெளியே வர இருபது நாள் ஆகும். அதற்குள் கனமானது அடியில் படிந்துவிடும், எண்ணெய்ப் பசை மேலே ஏடாக மிதக்கும், நடுவில் ஓரளவு தெளிந்த நீர் வெளியேறும். கல்யாணத்துக்கு 150 பேர். ஆளுக்கு 40 லிட்டர் என்றாலும் நாளொன்றுக்கு 6,000 லிட்டர். அதாவது எட்டு மணி நேரத்தில் தொட்டி முழுக்க ஒரு தடவை மாறிவிடுகிறது. பல வருஷமாக அள்ளாத கசடு பாதித் தொட்டியை அடைத்திருந்தது. அப்படியானால் நான்கே மணி நேரம். இந்தியத் தர நிர்ணயம் 24 மணி நேரமாவது தண்ணீர் உள்ளே தங்க வேண்டும் என்கிறது. மூன்று நாள் விருந்தில் அடியில் கிடந்த கசடையும் கலக்கி வெளியே தள்ளிவிட்டது அந்தத் தொட்டி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நன்றாக வேலை செய்யும் செப்டிக் டேங்கும் அழுக்கில் பாதிக்கு மேல் எடுக்காது. வெளியே வரும் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் நோய்க்கிருமிகள் அதில் உயிரோடுதான் இருக்கும். அந்தத் தண்ணீரை மண்ணில் மெதுவாக உறிஞ்ச விடுவதற்காகத்தான் தொட்டிக்குப் பின்னால் உறிஞ்சு குழி வேண்டும். ஆச்சி வீட்டில் அது இல்லை. நான் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலும் இருப்பதில்லை.

அப்படியானால் தொட்டி நிரம்பிய தண்ணீர் எங்கே போனது? இரண்டு வழிகள். முதல் வழி கிணறு. தொட்டியின் அடித்தளத்துக்குக் கான்கிரீட் போடாமல் செம்புறாங்கல் மேலேயே விட்டிருந்தார் கொத்தனார். 'அடி விட்டா தண்ணி இறங்கிரும், சீக்கிரம் ரொம்பாது' என்பது இங்கே பழகிப்போன யோசனை. செம்புறாங்கல்லில் துளைகளும் வெடிப்புகளும் உண்டு, அதன் வழியாக அழுக்கு வேகமாக ஓடும். கிணற்றுக்கும் தொட்டிக்கும் இருபது அடிதான். இருக்க வேண்டியது 18 மீட்டர், ஏறக்குறைய 60 அடி. பழைய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். கிணறு பின்கட்டில் இருக்கும். கழிவறை பிற்பாடு வந்தது, அதுவும் பின்கட்டுக்கே வந்தது. இரண்டும் பக்கத்தில் அமைந்ததற்கு யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் அடியைத் திறந்து விட்டது தவறு. காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் ஆழத்திலிருந்து பொங்கி வருவது. நம் வீட்டுக் கிணறு அப்படி இல்லை, மேலே ஊற்றியது சில நாளில் அங்கே போய்ச் சேரும்.

கிணற்று நீரை ஒரு சின்னப் பரிசோதனைப் பாட்டிலில் பிடித்து அடுப்படி அலமாரியில் வைத்தேன். மலக்கிருமி இருந்தால் ஓரிரு நாளில் உள்ளிருக்கும் மருந்துத் தாள் கறுத்துவிடும். மறுநாள் காலை மை மாதிரி இருந்தது. ஆச்சி அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இதையா கல்யாணத்துக்கு வந்தவுகளுக்குக் காபி போட்டுக் குடுத்தோம்" என்றார். காய்ச்சியிருந்தால் கிருமி செத்திருக்கும் என்று சொல்லித் தேற்றினேன். ஆய்வகத்தில் நைட்ரேட்டும் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. இது காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். குளோரின் போட்டாலும் போகாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால் மாவு கரைத்துக் கொடுத்தால் ரத்தத்தின் ஆக்ஸிஜன் சுமக்கும் சக்தி குறைந்து உடல் நீலம் பாரிக்கும். வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தால் கிணற்று நீரை ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

இரண்டாவது வழிதான் என்னை மிகவும் வருத்தியது. தொட்டியின் மேல்பக்கத்திலிருந்து நாலு அங்குலக் குழாய் ஒன்று போனது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். வளவிலிருந்து, அதாவது வீட்டின் நடு முற்றத்திலிருந்து, மழைநீர் வெளியேறும் பழைய கல் வடிகாலில் போய் அது சேர்ந்தது.

அந்த வடிகாலின் அருமை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு பக்க ஓட்டுக் கூரையும் வளவுக்குள் மழையை இறக்கும். தூம்புக்கு அடியில் அண்டாவை வைத்துக் குடிக்கப் பிடிப்பார்கள். மிச்சம் வடிகாலில் இறங்கித் தெருவுக்குப் போய், வரத்துக்கால் வழியாக ஊருணியை நிரப்பும். மழை குறைந்த இந்தச் சீமையில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்று ஊரையே ஒரு சாய்வில் அமைத்திருக்கிறார்கள். 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பார்க்க வருபவர்கள் தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரையையும் படம் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த வடிகாலுக்கும் அதே மரியாதை வேண்டும். ஒரே ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சொருகியதும், ஊருணிக்கு மழையைக் கொண்டுபோன வழி கழிவறைத் தண்ணீரைக் கொண்டுபோகிறது.

அது ஊருணியை என்ன செய்யும்? நீரிலுள்ள அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் தேவை என்பதை பிஓடி என்ற அளவால் சொல்வோம். கிருமி நீக்கம் மட்டும் செய்து குடிக்கத் தகுந்த நீர்நிலையில் அது லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். செப்டிக் டேங்கிலிருந்து வருவதில் 100-ஐச் சாதாரணமாகத் தாண்டும். ஒரு வாளி கழிவுநீரைச் சரிக்கட்ட ஐம்பது வாளிக்கு மேல் சுத்தமான தண்ணீர் வேண்டும். வைகாசியில் ஊருணியில் அவ்வளவு தண்ணீர் ஏது? கழிவிலுள்ள சத்தைத் தின்று பாசி கொழுக்கும், ஆகாயத்தாமரை மூடும். பாசி பகலில் ஆக்ஸிஜன் விடும், இரவில் அதுவும் சேர்ந்து உறிஞ்சும். அதனால்தான் விடியற்காலையில் மீன்கள் வாயைப் பிளந்து மேலே வந்து செத்து மிதக்கின்றன. 'எவனோ மருந்தக் கலந்துட்டான்' என்று பேசிக்கொள்வோம். நான் பார்த்த இடங்களில் வரத்துக்காலைப் பிடித்து மேலே நடந்தால் நாலைந்து வீட்டுக் குழாய்கள் தென்பட்டன.

ஆச்சி வீட்டில் என்ன செய்தோம் என்றால், முதலில் அந்தக் குழாயை அடைத்தோம். தொட்டிக்கு அடியில் கான்கிரீட் போட்டு, நடுவில் தடுப்புச் சுவர் எழுப்பி, பின்கட்டுக்கும் அப்பால் கிணற்றிலிருந்து எழுபது அடி தள்ளி உறிஞ்சு குழி எடுத்தோம். குளியலறை, அடுப்படித் தண்ணீரைத் தொட்டிக்குள் விடவே இல்லை. எண்ணெய்ப் பசையை நிறுத்தச் சின்னத் தொட்டி ஒன்று, அதன் பிறகு இரண்டடி ஆழச் சரளைப் படுகை, அதில் கல்வாழை. ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் இருந்தால் போதும். தண்ணீர் சரளைக்கு நாலு விரல் கீழேயே ஓட வேண்டும், மேலே தேங்கினால் கொசு வரும். அந்தக் காலத்தில் குளியலறை வாய்க்காலில் வாழை வைத்தார்களே, அதே யோசனைதான்.

விசேஷம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பந்தக்காலுக்கு முன்பே கசடை எடுத்துவிடுங்கள், முடிந்த பிறகு எடுத்துப் பயன் குறைவு. அடியில் இரண்டு அங்குலம் விட்டுவைத்தால் நுண்ணுயிர் சீக்கிரம் பெருகும். கூட்டம் பெரிதென்றால் வாடகைக் கழிவறை எடுங்கள், பந்தல் செலவில் அது ஒரு மூலைக்கும் வராது. ஆசிட்டையும் பினாயிலையும் தொட்டிக்குள் கொட்டாதீர்கள், உள்ளே வேலை செய்யும் உயிர்கள் செத்துப்போகும்.

அப்புறம், எக்காரணம் கொண்டும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். அழுகிய முட்டை வாடை வீசும் வாயு உள்ளே இருக்கும். அளவு கூடினால் அது மூக்கையே மரக்கச் செய்துவிடும், வாடை போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் மயங்கி விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் குற்றம் என்கிறது. இப்படி ஓர் உயிர் போனால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் எதையும் திருப்பித் தராது. லாரி போதும், 14420 என்ற எண்ணில் கேட்கலாம். லாரிக்காரரிடம் எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். ஆச்சி வீட்டுக்கு முதலில் வந்த லாரி கண்மாய்க் கரையைத்தான் கை காட்டியது. திருப்பி அனுப்பிவிட்டு, சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகும் உரிமம் உள்ள வண்டியை வரவழைத்தோம். இரண்டு நாள் தாமதம், கொஞ்சம் கூடுதல் செலவு. ஆச்சி ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

வேலை முடிந்த மாதம் வைத்த பாட்டில் மறுபடியும் கறுத்தது. வெடிப்புகளில் தங்கியது வெளியேற நாள் ஆகும் என்று சொல்லியிருந்தேன். ஆடியில் வைத்தது இரண்டு நாள் தெளிவாகவே நின்றது. நைட்ரேட் இன்னும் 45-க்கு இறங்கவில்லை, அதனால் குடிப்பதற்குக் கிணற்று நீர் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கார்த்திகை மழைக்குப் பிறகு மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஐப்பசி பிறக்கும் முன் அந்தத் தெருவின் மற்ற பதினோரு வீடுகளிலும் வடிகாலைத் திறந்து பார்க்க ஆச்சியே பேசி ஏற்பாடு செய்திருக்கிறார். இதுவரை ஆறு வீட்டில் பார்த்தாயிற்று, நான்கில் குழாய் இருந்தது.