பில்லில் அந்த ஒரு வரி

மதுரையில் ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பது என் தொழில். மாதம் பிறந்தால் ஹோட்டல், மெஸ் பில்களெல்லாம் கட்டுக்கட்டாக என் மேஜைக்கு வந்துவிடும். ஆனால் குடும்பத்தோடு சாப்பிடப் போனால் நானும் எல்லோரையும் போலத்தான். அடியில் இருக்கும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு ஃபோனை எடுத்து ஸ்கேன் பண்ணிவிட்டு எழுந்துவிடுவேன். போன மாதம் சென்னையில்தான் அது மாறியது.

மச்சான் வீட்டு விசேஷம் முடிந்து ராத்திரி ஒரு பெரிய உணவகத்துக்குப் போனோம். ஆர்டர் கொடுத்து முக்கால் மணி நேரம் ஆனது. வந்த நான் ரொட்டி ரப்பர் மாதிரி இழுத்தது, கிரேவி ஆறிப்போயிருந்தது. பசியில் அதையே சாப்பிட்டு முடித்தோம். அந்தக் கடுப்பில்தான் பில்லை முழுசாகப் படித்தேன் என்று நினைக்கிறேன்.

சாப்பாடு 2,340 ரூபாய். அதன் கீழே சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 234. இரண்டையும் கூட்டி 2,574. அதன்மேல் மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டி 64.35, மாநில அரசுக்கான எஸ்ஜிஎஸ்டி 64.35. மொத்தம் 2,703. அந்த 234 இல்லையென்றால் 2,457தான் வந்திருக்கும். அதாவது சர்வீஸ் சார்ஜும் போட்டு, அந்த சர்வீஸ் சார்ஜுக்கும் வரி போட்டிருந்தார்கள்.

"அது கவர்மெண்ட் டாக்ஸ்தானே மாமா?" என்றான் மச்சான் மகன். படித்த பையன். அவன் மட்டுமல்ல, என்னிடம் வரும் பாதிப்பேருக்கு இதே குழப்பம்தான். சர்வீஸ் டாக்ஸ் என்று ஒன்று இருந்தது, அது அரசாங்கத்துக்குப் போனது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அது ஒழிந்தது. சர்வீஸ் சார்ஜ் வேறு. அது முதலாளியின் கல்லாவுக்குப் போகும் பணம். பரிமாறியவர் கைக்கு அதில் எவ்வளவு போகும் என்பது அவர்களுக்குள் இருக்கும் விஷயம்.

சர்வீஸ் சார்ஜைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது, கட்டாயப்படுத்தக் கூடாது, இதைச் சேர்த்த தொகைமேல் ஜிஎஸ்டி போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹோட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் அதே மாதம் இடைக்காலத் தடை வாங்கின. 2025 மார்ச் 28-ல் அந்த நீதிமன்றம் வழிகாட்டுதல் செல்லும் என்று சொல்லி, வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்கும் போயின. 'ஸ்டாஃப் வெல்ஃபேர்' என்று பில்லில் பார்த்தாலும் அது இதே சர்வீஸ் சார்ஜ்தான், சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

உண்மையான வரி எவ்வளவு? சாதாரண உணவகம் என்றால் 5 சதவீதம், பில்லில் இரண்டரை இரண்டரையாகப் பிரித்து இருக்கும். 2017 நவம்பருக்கு முன்பு ஏசி என்றால் 18, ஏசி இல்லையென்றால் 12 என்று இருந்தது. அந்த நினைப்பிலேயே இன்னும் பலர் ஏசி ஹாலில் உட்கார்ந்தால் வரி கூடும் என்று நம்புகிறார்கள். இல்லை, இரண்டுக்கும் ஒரே 5தான். ஏசி ஹாலுக்குத் தனி விலை போட்டு மெனுவில் அச்சடித்திருந்தால் அது கடைக்காரரின் விலை, வரி அல்ல. அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் பெரிய ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் 18 வரும்.

எங்கள் ஊர் மெஸ் பக்கம் வந்தால் கதை வேறு. இங்கே சர்வீஸ் சார்ஜ் எல்லாம் கிடையாது, தட்டுதான் ஆபத்து. இலை போட்டதும் ஒருவர் பெரிய தட்டில் சுக்கா, ஈரல், நெத்திலி, காடை எல்லாம் கிண்ணம் கிண்ணமாக எடுத்து வந்து, "என்ன சார் வைக்கட்டும்?" என்பார். நாம் யோசிப்பதற்குள் இரண்டு கிண்ணம் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். விலை கேட்க நமக்கு வெட்கம். வஞ்சிரம் என்றால் "சைஸைப் பார்த்து ரேட்" என்பார்கள். பில் வரும்போது சாப்பாட்டைவிட அந்தத் துண்டு மீன் விலை அதிகமாக இருக்கும். இதில் சட்டம் பேசிப் பிரயோசனம் இல்லை. சாப்பிட்ட பொருளுக்குத்தான் பில். மீன் அடுப்பில் இருக்கும்போதே "இந்தத் துண்டு எவ்வளவு?" என்று கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் பாட்டிலும் இப்படித்தான். உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2017-ல் சொல்லிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் தீர்ப்பு அப்படி. மூடி திறக்கும் முன்னால் விலையைக் கேளுங்கள்.

மெஸ்களில் நான் பார்க்கும் உண்மையான தப்பு ஒன்று உண்டு. வருஷ விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் ஹோட்டல்காரர் காம்போசிஷன் என்ற, சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டத்தில் சேரலாம். விற்பனையில் 5 சதவீதத்தை அவரே தன் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது. பில்லின் தலையிலேயே, தான் காம்போசிஷனில் இருப்பவர், வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்று போட்டிருக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு அண்ணாச்சி ஒரு வருஷமாக எல்லா பில்லிலும் 5 சதவீதம் சேர்த்து வாங்கியிருந்தார். "நான் கட்டுறதைத்தானே வாங்குறேன், இதுல என்ன தப்பு?" என்று கோபம் வேறு. சாப்பாட்டு விலையில் ஐந்து ரூபாய் ஏற்றிக்கொள்ளுங்கள், வரி என்று மட்டும் எழுதாதீர்கள் என்று புரியவைப்பதற்குள் இரண்டு டீ ஆகிவிட்டது.

நீங்களே இதைச் சோதிக்கலாம். பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும், தமிழ்நாடு என்றால் 33-ல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அதைப் போட்டால், லாகின் இல்லாமலேயே, பதிவு உயிரோடு இருக்கிறதா, ரெகுலரா காம்போசிஷனா என்று காட்டிவிடும். எண்ணே இல்லாத பில்லில் ஜிஎஸ்டி இருந்தால் அந்தப் பணம் எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடையில் பேசித் தீரவில்லை என்றால் பில்லைப் படம் எடுத்துக்கொண்டு 1915-க்கு அழைக்கலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் ஆறிப்போன கிரேவிக்காக அங்கே போகச் சொல்ல மாட்டேன். அதைப் பாதி சாப்பிடும் முன்பே கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நானும் சொல்லவில்லை.

சரி, சென்னைக்கு வருகிறேன். "விடுங்க, இருநூறு ரூபாய்க்கு எதுக்குச் சண்டை?" என்றாள் மனைவி. சண்டையெல்லாம் இல்லை. மேனேஜரைக் கூப்பிட்டு, சர்வீஸ் சார்ஜை எடுத்துவிடுங்கள் என்றேன். "சிஸ்டத்துல ஆட்டோமேட்டிக்கா வருது சார்" என்றார். சிஸ்டத்தில் எடுக்கவும் முடியும் என்றேன். இரண்டே நிமிஷத்தில் 2,457 ரூபாய்க்குப் புதுப் பில் வந்தது.

பரிமாறிய பையனிடம் அந்த 234-ல் உனக்கு எவ்வளவு தம்பி வரும் என்று கேட்டேன். மேனேஜர் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "தெரியல சார்" என்றான். நூறு ரூபாயை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.