படங்களை ‘இடமாற்றம்’ செய்யாதீர்கள், படியெடுங்கள்

இங்கே மொரீசியஸில் இந்த வருடத் தைப்பூசக் காவடி முடிந்ததும் கோவிலில் பிள்ளைகளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். கேமராவில் எடுத்த படங்களைக் கணினியில் சேர்ப்பது எப்படி என்று தமிழிலேயே எழுதியிருந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் முதல் வரி ‘அட்டையிலிருந்து படங்களை இடமாற்றம் செய்யவும்’ என்றது. அட்டை என்றால் கேமராவுக்குள் இருக்கும் நினைவக அட்டை. இந்த இடமாற்றத்தை எத்தனையோ தாள்களில் பார்த்துவிட்டேன்.

என் அக்கா மகன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். எல்லாப் படத்தையும் தேர்ந்து, ‘வெட்டு’ கொடுத்து, மடிக்கணினியில் ‘ஒட்டு’ கொடுத்தான். அட்டை காலி. நாலாம் நாள் மடிக்கணினியின் வன்தட்டு போய்விட்டது. கோர் தெ கார்த் மலைப் படிகளில் என் அப்பா காவடியோடு ஏறிய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மூலச் சொல் டிரான்ஸ்ஃபர். இலத்தீனில் ‘டிரான்ஸ்’ என்றால் கடந்து, ‘ஃபெர்ரே’ என்றால் சுமத்தல். டிரான்ஸ்லேஷன் என்ற சொல்லும் இதே வினையிலிருந்து வந்ததுதான். நம்மிடம் இதற்கு நேரான சொல் பெயர்த்தல். தொல்காப்பிய மரபியலிலேயே ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்று வருகிறது. சொல்லின் பிறப்பு இவ்வளவுதான்.

அப்புறம் ஏன் இடமாற்றம் தவறு? இடமாற்றம் என்றால் எதை நினைப்போம்? ஓர் ஆசிரியரைக் கத்ர் போர்ன் பள்ளியிலிருந்து ரோஸ் ஹில்லுக்கு இடமாற்றினால் பழைய பள்ளியில் அவர் இருக்கமாட்டார். படத்துக்கு நடப்பது அது இல்லை. கேமராவைக் கேபிளால் இணைத்தாலும் சரி, அட்டையைக் கழற்றிச் செருகினாலும் சரி, கணினி படங்கள் இருக்கும் டி.சி.ஐ.எம். என்ற கோப்புறையைத் திறந்து, அதில் உள்ளதைப் படித்து, தன் தட்டில் இன்னொரு முறை எழுதுகிறது. அட்டையில் இருந்தது அட்டையிலேயே இருக்கிறது. வெட்டி ஒட்டும்போதுகூடப் படம் கேபிள் வழியே ஊர்ந்து போவதில்லை. முதலில் இங்கே ஒன்று எழுதப்படுகிறது, பிறகு அங்கே இருந்தது அழிக்கப்படுகிறது. இரண்டு வேலைகள். இடமாற்றம் என்ற ஒரே சொல் அந்த அழிப்பை மூடி மறைக்கிறது. என் கோபமெல்லாம் அதன்மேல்தான்.

சிலர் ‘பரிமாற்றம்’ என்கிறார்கள். அது இன்னும் மோசம். கடிதப் பரிமாற்றம், கருத்துப் பரிமாற்றம் என்றால் இரண்டு பக்கமும் கொடுத்து வாங்கவேண்டும். கணினி கேமராவுக்கு என்ன கொடுத்தது? பந்தியில் ஏழு கறி பரிமாறுகிறோம், வாளியில் இருந்தது இலைக்கு வந்துவிடும், வாளி குறையும். அட்டை குறைவதில்லையே! ‘பதிவிறக்கம்’ என்பவர்களும் உண்டு. நம் கிரியோலில் அது ‘தெலேசார்ஜே’. பிரெஞ்சில் ‘தெலே’ என்றால் தொலைவு. இணையத்திலிருந்து எடுப்பதற்கு அது சரி, ஒரு முழக் கேபிளுக்குப் பொருந்தாது.

அந்தத் தாளில் ‘அட்டை வாசகர்’ என்றும் இருந்தது. பிரெஞ்சில் ‘லெக்தேர்’ என்ற ஒரே சொல் ஆளுக்கும் கருவிக்கும் நிற்கும். தமிழில் வாசகர் என்றால் ஆள் மட்டும்தான். கருவிக்குத் துருவி, வடிகட்டி, பாக்குவெட்டி என்று பெயர் வைத்தவர்கள் நாம். ‘அட்டை படிக்கும் கருவி’ என்று எழுதினால் யாருக்கும் புரியும். அகராதியைப் பார்த்து எழுதுகிறவர்கள் கருவியை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்திருந்தால் அதற்கு ‘அர்’ விகுதி போட்டிருக்கமாட்டார்கள். 1998இல் மொரீசியஸின் புதிய ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்தை இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்குத் தள்ளியபோது, அந்தத் தாள்களையே திரும்பப் பெறவைத்த சமூகம் இது. தமிழ் எங்கே நிற்கிறது என்று பார்த்த நாம், அது என்ன சொல்கிறது என்றும் பார்க்கவேண்டாமா?

சரியான சொல் நம்மிடம் பழையதாகவே இருக்கிறது: படியெடுத்தல். ஓலை செல்லரிக்கும் முன் பார்த்து இன்னோர் ஓலையில் எழுதுவார்கள், அது படி. மூலம் கையிலேயே இருக்கும். ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்ட வழக்கமும் இருந்தது. படியெடுக்காமல் விட்டவை போனவைதான். ‘நகலெடு’ என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பொருள் சரிதான், ஆனால் அது அரபியிலிருந்து வந்த சொல். படி இருக்கும்போது அது எதற்கு?

கோவில் தாளில் இரண்டு வரிகளைத் திருத்தி எழுதிக் கொடுத்திருக்கிறேன்: ‘அட்டையில் உள்ள படங்களைக் கணினியில் படியெடுக்கவும். படிகள் திறக்கின்றனவா என்று பார்க்கும் வரை அட்டையில் எதையும் அழிக்கவேண்டாம்.’ கூடவே, எஸ்.டி. அட்டையின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பூட்டைப் பூட்டும் பக்கம் தள்ளிவிட்டுச் செருகச் சொல்லியிருக்கிறேன். பூட்டியிருந்தால் கணினியால் படியெடுக்க முடியும், பொதுவாக அழிக்க முடியாது.