கோபி எப்போது எண்ணெய் குடிக்கிறது?

மதுரையில் தினமும் காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மூன்று மாதமாக டயட்டில் இருக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி மட்டும் அண்ணா நகரில் ஒரு தள்ளுவண்டியில் எக் ரைஸ் பார்சல் வாங்குவேன். கூட சிக்கன் வேண்டாம், காய்தானே என்று கோபி மஞ்சூரியன் வாங்கிக்கொள்கிறேன். இதற்கு எத்தனை கலோரி என்று எழுதி வைப்பது?"

செயலியில் 'சைனீஸ் ஃப்ரைட் ரைஸ்' என்று தேடி வரும் எண்ணை நம்ப வேண்டாம். நம்மூர் சைனீஸ், கொல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்களின் சமையலில் தொடங்கி, நம் மிளகாய்க்கும் இஞ்சி பூண்டு விழுதுக்கும் பழகிப்போன தனிச் சமையல். அதை நாமேதான் கணக்கிட வேண்டும்.

அடிப்படை எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. உணவை எரித்து வரும் வெப்பத்தை அளந்து, உடம்பு பயன்படுத்தாமல் வெளியேற்றுவதைக் கழித்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர் கண்ட கணக்கு இது.

சரி, பார்சலைப் பிரிப்போம். நான் வாங்கிய சிக்கன் ரைஸைச் சமையலறைத் தராசில் வைத்தேன், 520 கிராம். கண் அளவில் சோறு 350 கிராம் இருக்கும். வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி என்றால் 455. முட்டைக்கு 70, பொரித்த சிக்கன் துண்டுகளுக்கு 120, முட்டைக்கோஸ், கேரட்டுக்கு 10. இவை எல்லாம் சேர்ந்து 655 ஆகிறது. மீதி இருப்பது எண்ணெய். மாஸ்டர் இரும்புச்சட்டியில் இரண்டு கரண்டி ஊற்றினார். கரண்டிக்கு 20 மில்லி என்று வைத்து, சட்டியில் ஒட்டியதைக் கழித்தால் 35 கிராம். அது மட்டும் 315 கலோரி. மொத்தம் 970.

சோற்றில் நான் 35 கிராம் தப்பாகக் கணித்திருந்தால் 45 கலோரிதான் பிசகும். எண்ணெயில் அதே 35 கிராம் தப்பினால் 315. டயட்டில் இருப்பவர்கள் சோற்றை ஒவ்வொரு கரண்டியாக எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது எண்ணெய்க் கரண்டியை. தள்ளுவண்டியில் அது கண் முன்னாலேயே நடக்கிறது, நின்று பார்த்தால் போதும். ஊற்றிய எண்ணெய் கிட்டத்தட்ட அப்படியே பார்சலுக்குள் வந்துவிடுகிறது.

கோபி விஷயம் அப்படி இல்லை. சட்டி நிறைய எண்ணெயில் போட்டு எடுக்கும்போது எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்? வடையோ பஜ்ஜியோ 'எண்ணெய் குடிக்குது' என்று வீட்டில் சொல்வோம். எப்போது குடிக்கிறது என்பதுதான் எனக்கு இந்தக் கதை முழுவதிலும் மிகப் பிடித்த இடம். எண்ணெயில் மிதக்கும்போது குடிப்பது கொஞ்சம்தான். பெரும்பகுதியைக் குடிப்பது வெளியே எடுத்த பிறகு!

மாவில் தோய்த்த பூவைச் சுமார் 180 டிகிரி எண்ணெயில் போட்டதும் 'சொர்ர்' என்று நுரைக்கிறதே, அது எண்ணெய் கொதிக்கும் சத்தம் இல்லை. மாவிலும் காலிஃபிளவரிலும் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகிக் கிளம்பும் சத்தம். ஒரு சொட்டுத் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் கேட்கும். அந்த ஆவி மாவில் நுண்ணிய துளைகளைப் போட்டுக்கொண்டு வெளியே பாய்கிறது. பாயும் வரை அந்தத் துளைகள் வழியாக எண்ணெயால் எளிதில் உள்ளே நுழைய முடியாது, எதிரே ஆவி தள்ளிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் ஜல்லிக்கரண்டியில் அள்ளித் தட்டில் கொட்டுகிறோம். சூடு இறங்குகிறது. துளைகளில் தங்கிய ஆவி மறுபடி தண்ணீராகிறது. 1,700 பங்கு இடத்தில் இருந்தது ஒரு பங்காகச் சுருங்குகிறது, உள்ளே அழுத்தம் சரிகிறது. சூடான சாம்பாரை எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி இறுக மூடி வைத்தால், ஆறியபின் மூடி திறக்க மறுத்து அடம்பிடிக்குமே, அதே சங்கதி. டப்பாவில் மூடி தடுக்கிறது. கோபியில் மூடி கிடையாது. மேலே படலமாக ஒட்டியிருக்கும் எண்ணெய்தான் வாசலில் நிற்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் அதை உள்ளே தள்ளிவிடுகிறது. நுண்துளைகளின் ஈர்ப்பும் கூடச் சேர்ந்துகொள்கிறது. கோபி குடிக்கவில்லை, நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று அதற்குப் புகட்டுகிறது! பள்ளியில் பாதரசக் குழாயை வைத்துப் படித்த வளிமண்டல அழுத்தம் ராத்திரி ஒன்பது மணிக்குத் தள்ளுவண்டி ஓரத்தில் வேலை செய்வதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் விளங்கும். வெளியே ஒட்டியிருப்பதுதான் உள்ளே போகிறது என்றால், மேற்பரப்பு கூடக்கூட எண்ணெயும் கூடும். காலிஃபிளவர் பூவின் மடிப்புகளை நினைத்துப் பாருங்கள். அதே எடையுள்ள சிக்கன் துண்டுக்கு அத்தனை மூலை முடுக்கு இல்லை. இரண்டாவது, பலமுறை காய்ந்த பழைய எண்ணெய் கெட்டியாகிவிடும், வழியாமல் ஒட்டிக்கொள்ளும்.

என் கணக்கில் ஒரு பிளேட் கோபியில் காலிஃபிளவர் 100 கிராம், வெறும் 25 கலோரி. மைதாவும் சோளமாவும் 40 கிராம், 140. பொரித்ததும் பிறகு சாஸில் பிரட்டியதுமாக எண்ணெய் 25 கிராம், 225. மொத்தம் 390. காய் என்று நினைத்த தட்டில் காயின் பங்கு பதினைந்தில் ஒன்றுதான். அதே மாவு, அதே எண்ணெயில் எலும்பில்லாத சிக்கன் 100 கிராம் என்றால் 485 வரும். நூறு கலோரிக்கும் குறைவான வித்தியாசம், ஆனால் இருபது கிராமுக்கு மேல் புரதம் கிடைக்கும், பசியும் அடங்கும்.

சாப்பிட்ட பின் வெந்நீர் குடித்தால் இந்த எண்ணெய் கரைந்துவிடும் என்று நடைப்பயிற்சிக்கு வருபவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைக் கேட்கிறேன். தயவுசெய்து நம்பாதீர்கள். கொழுப்பைச் செரிக்க வைப்பது பித்தநீரும் கணைய நொதியும். செரித்த கொழுப்பு உடம்பில் சேரும், கலோரி எங்கும் ஓடிப்போகாது.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. இந்தியாவின் ஊட்டச்சத்து ஆராய்ச்சி 1918இல் நம் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கியது. இன்று ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அவர்கள் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருட்கள் இருக்கின்றன, அருமையான வேலை. ஆனால் அது பொருட்களின் அட்டவணை. மாட்டுத்தாவணியில் ஒரு பார்சல், கோரிப்பாளையத்தில் ஒரு பார்சல் என்று வாங்கி, அரைத்து, கரைப்பானில் கொழுப்பைப் பிரித்து எடுத்து எடை பார்ப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. மதுரைக் கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்களே செய்யலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு இருக்கும் ஊரில் இதற்குப் பணம் ஒதுக்குவது வீண் செலவே இல்லை.

அதுவரை வாசகர் தன் நோட்டில், என் கணக்கில் சிக்கனைக் கழித்து, கொஞ்சம் கூட்டியே வைத்து எக் ரைஸுக்கு 900, ஒரு பிளேட் கோபிக்கு 400 என்று எழுதிக்கொள்ளட்டும். முழு பிளேட்டை வீட்டில் இருப்பவரோடு பங்கு போட்டால் 200. பொரிக்கும்போது பக்கத்தில் நின்று, "அண்ணே, அள்ளினதும் தட்டுல கொட்டாம அந்தச் சூட்டுக்கு மேலேயே நல்லா உதறிப் பிடிங்க" என்று கேட்கலாம். ஆவி சுருங்குவதற்கு முன்பே வாசலில் நிற்கும் எண்ணெய் வடிந்துவிடும். தாளில் ஒற்றுவதாக இருந்தாலும் அங்கேயே, சூடு ஆறும் முன் ஒற்ற வேண்டும். வீட்டுக்கு வந்து பார்சலைப் பிரித்த பின் ஒற்றினால் மேலே மிச்சமிருக்கும் எண்ணெய்தான் வரும், உள்ளே போனது வராது.