மூக்கின் நிழலும் ஒரு பென்சிலும்

"10க்கு 10 அடி அறை, கையில் ஒரே ஒரு ஃபிளாஷ். முகத்தில் நிழல் மென்மையாக விழ வேண்டும். குடை வாங்கலாமா, சாஃப்ட்பாக்ஸ் வாங்கலாமா, பியூட்டி டிஷ் வாங்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மூன்றும் ஃபிளாஷோடு சேர்த்து மாட்டும் கருவிகள்: சாஃப்ட்பாக்ஸ் என்பது முகப்பில் வெள்ளைத் துணி போட்ட பெட்டி, பியூட்டி டிஷ் என்பது அகலமான கிண்ணம். வீட்டிலேயே போர்ட்ரெய்ட் எடுக்க ஆரம்பிக்கும் எல்லாருக்கும் வரும் சந்தேகம்தான் இது. பதில் சொல்வதற்கு முன்னால், ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு டியூப் லைட் எரியும் அறையில் வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு 5 சென்டிமீட்டர் மேலே பென்சிலைப் பிடியுங்கள். பென்சில் டியூப்பின் நீளவாக்கில் இருந்தால் நிழல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் விழும். அப்படியே குறுக்காகத் திருப்பினால் நிழல் கரைந்து, இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருக்கும். முதல்முறை இதைச் செய்தபோது கால் மணி நேரம் பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

தாளில் ஓர் எறும்பு ஊர்கிறது என்று வையுங்கள். பென்சிலின் நிழலுக்குள் நின்று அது அண்ணாந்து பார்க்கிறது. பென்சில் நீளவாக்கில் இருந்தால் டியூப் முழுவதும் அதன் பின்னால் மறைந்துவிடுகிறது. எறும்புக்கு இருட்டு. சில மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், டியூப் மொத்தமும் வெளியே வந்துவிடும். அதனால்தான் நிழலின் ஓரம் வெட்டினாற்போல் இருக்கிறது. பென்சில் குறுக்காக இருக்கும்போது டியூப்பின் ஒரு துண்டு மட்டும்தான் மறைகிறது. இரண்டு பக்கமும் மிச்சம் தெரிகிறது. எறும்பு நகர நகர மறையும் துண்டு மாறுகிறதே தவிர, முழு இருட்டு அதற்கு எங்கேயும் கிடைப்பதில்லை.

பள்ளியில் கருநிழல், புறநிழல் என்று படித்தது இதைத்தான். விளக்கு முழுவதும் மறையும் இடம் கருநிழல், ஓரளவு மட்டும் மறையும் இடம் புறநிழல். கிரகணப் படம் ஒன்றை வரைந்து, அதோடு பாடத்தை முடித்துவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம். தலைக்கு மேல் டியூப் லைட்டும் ஆளுக்கொரு பென்சிலும் இருக்கும் வகுப்பறையே ஒரு சோதனைக்கூடம்தான். இதற்கு எந்த நிதியும் ஒதுக்க வேண்டியதில்லை.

சரி, எறும்பைக் கன்னத்தில் ஏற்றுவோம். இப்போது மூக்குதான் பென்சில். கன்னத்திலிருந்து பார்க்கும்போது விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, அவ்வளவு அகலமான புறநிழல், அவ்வளவு மென்மை. சூரியனின் விட்டம் ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர். ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் நமக்கு அரை டிகிரி அகலம்தான் தெரிகிறது. உச்சி வெயிலில் மூக்கின் நிழல் கறாராக விழுவது அதனால்தான். மேகம் மூடிவிட்டால் வானம் முழுவதுமே விளக்கு. 60 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸை முகத்திலிருந்து 60 சென்டிமீட்டரில் வைத்தால் அது 53 டிகிரிக்கு விரியும். 2.4 மீட்டருக்குத் தள்ளினால் 14 டிகிரிதான்.

மென்மையைத் தருவது சாஃப்ட்பாக்ஸின் முன்னால் இருக்கும் வெள்ளைத் துணி என்று பலர் நம்புகிறார்கள். பெட்டியின் முகப்பு முழுவதையும் சீராக ஒளிரவைப்பது மட்டுமே துணியின் வேலை. ஃபிளாஷ் தலையில் மாட்டும் சின்ன பிளாஸ்டிக் மூடி திறந்த வெளியில் நிழலை மென்மையாக்காது, வெளிச்சத்தைத்தான் குடிக்கும். அறைக்குள் அது பலன் தருவதற்குக் காரணம், ஒளியை அது சுவர்களில் இறைப்பதும், சுவர்கள் பெரிய விளக்காக மாறுவதும்தான்.

பெரிய விளக்கால் இன்னொரு நன்மை உண்டு. தோலின் மேற்பரப்பு, முக்கியமாக எண்ணெய் வழியும் நெற்றி, கண்ணாடிபோல் விளக்கின் பிம்பத்தைத் திருப்பிக் காட்டுகிறது. மீதி ஒளி தோலுக்குள் போய்ச் சிதறி, தோலின் நிறத்தோடு வெளியே வருகிறது. அதே அளவு ஒளியைப் பெரிய பரப்பில் பரப்பினால் பரப்பின் ஒவ்வொரு பகுதியும் மங்கலாகும். தோலின் நிறத்துக்கு வரும் ஒளி குறையாது, பளபளப்பு மட்டும் அடங்கும்.

விளக்கை நெருக்கினால் பின்னணியும் மாறும். விளக்கிலிருந்து முகம் 60 சென்டிமீட்டரிலும் சுவர் 1.8 மீட்டரிலும் இருந்தால், தலைகீழ் வர்க்க விதிப்படி (தூரம் 3 மடங்கானால் ஒளி 3 × 3 மடங்கு குறையும்) சுவருக்குப் போவது முகத்துக்கு வரும் ஒளியில் 9-ல் 1 பங்கு. பெரிய விளக்கு மிக அருகில் இருக்கும்போது கணக்கு கொஞ்சம் பிசகும், ஆனாலும் சாம்பல் நிறச் சுவர் கறுப்பை நெருங்குவதைப் படத்திலேயே பார்க்கலாம்.

இனி கருவிகளுக்கு வரலாம். குடை ஒளியை நாலா பக்கமும் இறைக்கும். சின்ன அறையில் அது சுவரில் பட்டுத் திரும்பி நிழல்களை நிரப்பிவிடும். சுவர் பச்சை என்றால் கன்னத்திலும் பச்சை ஏறும். சாஃப்ட்பாக்ஸின் கறுப்புப் பக்கங்கள் அந்தச் சிதறலைத் தடுக்கும். முன்னால் கிரிட் என்னும் கட்டம் கட்டமான தடுப்பை மாட்டினால் இன்னும் கட்டுப்படும். பியூட்டி டிஷ்ஷில் நடுத்தட்டு பல்பை மறைத்து ஒளியைக் கிண்ணத்துக்குள் திருப்புகிறது. கன்ன எலும்பு எடுப்பாகத் தெரியும், தோலின் ஒவ்வொரு மேடுபள்ளமும் சேர்ந்தே தெரியும். ஸ்ட்ரிப் பாக்ஸ், அதாவது ஒடுக்கமான நீள சாஃப்ட்பாக்ஸ், நம் டியூப் லைட்டேதான். பக்கவாட்டில் செங்குத்தாக நிறுத்தினால் மூக்குத் தண்டின் நிழல் கூர்மையாகவும், தாடைக்கும் புருவத்துக்கும் கீழே விழும் நிழல் மென்மையாகவும் வரும்.

கேட்ட வாசகருக்கு என் பதில்: கிரிட்டோடு 90 சென்டிமீட்டர் ஆக்டா, அதாவது எண்கோண சாஃப்ட்பாக்ஸ். முகத்திலிருந்து அதே 90 சென்டிமீட்டரில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள். சுவர்கள் வெள்ளையாக இருந்து, நிழலே குறைவான படம்தான் வேண்டும் என்றால் குடையே போதும்.

எடுத்த பிறகு, படத்தில் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். கருவிழிக்கு மேலுள்ள கார்னியா ஒரு குட்டிக் குவியாடி. எறும்பு பார்த்த விளக்கு அதில் அப்படியே பதிந்திருக்கும், ஆக்டாவின் எட்டு மூலைகளைக்கூட எண்ணலாம். அது வெறும் வெள்ளைப் புள்ளியாக இருந்தால் ஸ்டாண்டை இன்னும் ஓரடி முன்னால் நகர்த்துங்கள்.