ஜிஆர்இ கணக்கில் படத்தை எவ்வளவு நம்பலாம்?

வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வை எழுதப் போகிறவர்கள் சூத்திரங்களை உருப்போடுகிறார்கள், ஆனால் குவாண்ட் எனப்படும் கணக்குப் பகுதியின் தொடக்கத்தில் வரும் விதிகளைப் பலர் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். தேர்வை நடத்தும் இடிஎஸ் இந்த விதிகளைத் தனி ஆவணமாகவே இலவசமாகக் கொடுக்கிறது. 2023 செப்டம்பரிலிருந்து குவாண்டில் மொத்தம் 27 கேள்விகள், 47 நிமிடம். அங்கே போய் விதியைப் படித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

முக்கியமானது படம். வடிவியல் படங்கள் சரியான அளவில் வரையப்பட்டிருக்கும் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. ஒரு கோணம் அச்சு அசலாகச் செங்கோணம் மாதிரித் தெரியும், ஆனால் 90 பாகை என்று எழுதியோ மூலையில் சின்னச் சதுரம் போட்டோ இல்லாவிட்டால், கொடுத்த மற்ற விவரங்களிலிருந்தும் அது வராவிட்டால், அதைச் செங்கோணமாக வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இரண்டு பக்கங்கள் சமமாகத் தெரிந்தாலும் இதே கதைதான். சரி, எதைத்தான் நம்புவது? நேராகத் தெரியும் கோடு நேர்கோடுதான், கோட்டில் புள்ளிகள் இருக்கும் வரிசையும் உண்மையானதுதான். எண்கோடு, எக்ஸ்-ஒய் தளம், பட்டை வரைபடம், வட்ட வரைபடம் எல்லாம் அளவோடு வரையப்பட்டவை, அவற்றைக் கண்ணால் பார்த்தே மதிப்பிடலாம்.

இரண்டு அளவுகளை ஒப்பிடச் சொல்லும் கேள்விகளில்தான் படம் அதிகம் ஏமாற்றும். கொடுத்த விவரத்தை மாற்றாமல் அதே படத்தை வேறு மாதிரி இழுத்து வரைந்து பாருங்கள். அப்போது விடை மாறினால், 'கொடுத்த தகவலை வைத்துச் சொல்ல முடியாது' என்பதுதான் விடை.

அப்புறம் எண்கள். வருவதெல்லாம் மெய்யெண்களே. √9 என்றால் 3 மட்டும்தான், −3 கிடையாது. ஆனால் எக்ஸின் வர்க்கம் 9 என்று சொன்னால் எக்ஸ் 3 ஆகவும் இருக்கலாம், −3 ஆகவும் இருக்கலாம். 0 இரட்டை எண், ஆனால் மிகை எண்ணும் இல்லை, குறை எண்ணும் இல்லை. 1 பகா எண் இல்லை. முழு எண் என்று சொல்லாத இடத்தில் பின்னத்தையும் போட்டுப் பாருங்கள்: 1/2 இன் வர்க்கம் 1/4, அதாவது வர்க்கப்படுத்தியதும் சிறியதாகிவிட்டது!

மீதி ஒருபோதும் குறை எண்ணாக வராது. −7 ஐ 3 ஆல் வகுத்தால் ஈவு −3, மீதி 2. ஈவு −2, மீதி −1 என்று எழுதத்தான் கை போகும், அது தவறு.

விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளில் பின்னத்தைச் சுருக்க வேண்டியதில்லை, 3/4 க்குப் பதில் 6/8 போட்டாலும் மதிப்பெண் உண்டு. திரையில் வரும் கால்குலேட்டர் பெருக்கலை முதலில் செய்யும், 1 + 2 × 4 என்று அடித்தால் 9 தான் காட்டும். சாதாரண மேசைக் கால்குலேட்டர் பல 12 காட்டும், அந்தப் பழக்கத்தில் போய்விடாதீர்கள்.

மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வை எழுதுகிறவர்களுக்கு இந்தப் படத் தலைவலி இல்லை, புதிய வடிவத்தில் குவாண்டிலிருந்து வடிவியலை எடுத்துவிட்டார்கள். கூடவே அந்தப் பகுதியில் கால்குலேட்டரும் கிடையாது.