ஆங்கில இலக்கியம் படித்தால் ஆங்கிலம் பேச வந்துவிடுமா?

கடந்த வாரம் இறுதியாண்டு மாணவி ஒருவர் என் அறைக்கு வந்தார். நல்ல மதிப்பெண் வாங்குபவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மூன்று வருடம் முடியப் போகிறது சார். இன்னும் எனக்கு இங்கிலீஷ் பேச வரவில்லை. வீட்டில் என்ன சொல்வேன்?" என்று கேட்டுவிட்டு அழுதார். இந்த அழுகை எனக்குப் புதிதல்ல. ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் அதே இடத்தில் நின்று அதே கேள்வியைக் கேட்கிறார். இனியும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஆங்கில இலக்கியப் பட்டம் பேச்சுப் பயிற்சி வகுப்பு அல்ல. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. தமிழ் இலக்கியம் படிப்பவர் தமிழில் பேசக் கற்றுக்கொள்வதற்காகவா வகுப்புக்கு வருகிறார்? குறுந்தொகையை வைத்துக்கொண்டு யாராவது பேச்சுத் தமிழ் கற்றுத் தருவார்களா? மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலம் என்றதும் மட்டும் இந்தத் தெளிவு எங்கே போய்விடுகிறது?

நாங்கள் என்ன நடத்துகிறோம் என்று பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பேவுல்ஃப் காவியம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள் கொண்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே தனிப் பயிற்சி இல்லாமல் அதில் ஒரு பக்கம் படிக்க முடியாது. கவிஞர் சாசர் இறந்தது 1400-இல், ஷேக்ஸ்பியர் இறந்தது 1616-இல். இவர்களின் மொழியில் ஊறினால் உங்கள் மனம் விரியும், சொல்லின் எடை தெரியும். நேர்காணலில் தடுமாறாமல் பதில் சொல்ல வராது. அதற்குக் காதும் நாக்கும் பழக வேண்டும். தினமும் யாரோடாவது பேச வேண்டும், தப்பாகப் பேசக் கூச்சப்படக் கூடாது. அது வேறு பயிற்சி. இலக்கணத் தேர்ச்சியும் அப்படித்தான், பட்டத்தோடு தானாக ஒட்டிக்கொண்டு வராது.

அப்படியானால் இந்தப் படிப்பு எதைத்தான் தருகிறது? வாசிக்கக் கற்றுத் தருகிறது. வாசிப்பில் கற்க என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு இலக்கிய விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் செய்து பார்த்ததைச் சொல்வேன். எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். அதன் விளைவுகளை 1929-இல் நூலாக வெளியிட்டார். பலர் கவிதையின் நேர்ப்பொருளையே தவறவிட்டிருந்தார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவர்கள்தாம்.

என் வகுப்பிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்தின் முதல் காட்சி. மூத்த மகள்கள் இருவரின் முகத்துதியை நம்பி, மன்னன் இளையவளைக் கைவிடுகிறான். குறுக்கிடும் கென்ட் பிரபு முதலில் மரியாதையாக "அரசே" என்றுதான் ஆரம்பிக்கிறார். அடுத்த சில வரிகளுக்குள் "கிழவா, என்ன செய்கிறாய்?" என்ற தொனிக்கு வந்துவிடுகிறார். மூலத்தில் அங்கே ‘தௌ’ என்ற சொல் இருக்கிறது. நம்முடைய ‘நீ’. அரசனிடம் பேசுபவர் ‘யூ’ என்றுதான் சொல்ல வேண்டும், அதுதான் ‘நீங்கள்’. அரசவையில் எல்லோர் முன்னிலையிலும் மன்னனை ஒருவர் ‘நீ’ என்றால் என்ன நடக்கும் என்று தமிழில் வளர்ந்த பிள்ளைக்கு விளக்க வேண்டுமா? இன்றைய ஆங்கிலப் பேச்சில் அந்த வேறுபாடே இல்லை. இந்த இடத்தில் எங்கள் மாணவர்களுக்கு இருக்கும் காது ஒரு வரம்.

ஆனால் கைடு என்ன சொல்கிறது? ‘கென்ட் மன்னனைக் கண்டிக்கிறார்.’ அவ்வளவுதான். விடைத்தாள் கட்டைப் பிரித்தால் அதே வாக்கியம் தாளுக்குத் தாள் வருகிறது, கைடில் இருந்த எழுத்துப் பிழையோடு. திருத்துகிற எங்களுக்கு அது தெரியாது என்று நினைக்காதீர்கள். நாடகத்தைத் திறக்காமலே நாடகத்தைப் பற்றி ஆறு பக்கம் எழுதியவருக்கு மூன்று ஆண்டு முடிவில் பேச்சும் வந்திருக்காது, வாசிப்பும் வந்திருக்காது. அன்று அழுத மாணவி அதையும் ஒப்புக்கொண்டார்.

சேரப் போகிறவர்கள் முதலில் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். அதிலிருக்கும் ஏதாவது ஒரு நூலில் பத்துப் பக்கம் படியுங்கள். புரியாவிட்டால் பரவாயில்லை. எரிச்சலாக இருக்கிறதா, இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறதா என்று கவனியுங்கள். எரிச்சல்தான் என்றால் வேறு படிப்பைத் தேடுங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை. பேச வேண்டும் என்பதுதான் தேவை என்றால் அதற்கான பயிற்சியை முதல் நாளிலிருந்தே தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பருவம் வரை தள்ளிப் போடாதீர்கள். அகராதி இல்லாமல் வகுப்புக்கு வராதீர்கள். கைடு வாங்கியே தீருவேன் என்றால் மூல நூலை முடித்த பிறகு வாங்குங்கள்.

பெற்றோரை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விருந்தினர் முன்னால் பிள்ளையை நிறுத்தி, "இங்கிலீஷ்தானே படிக்கிறாய், நாலு வார்த்தை பேசிக் காட்டு" என்று சொல்லாதீர்கள். படித்ததில் எது பிடித்தது என்று தமிழிலேயே கேளுங்கள்.

ஆங்கிலம் சுமார்தான், ஆனால் வாசிக்கப் பிடிக்கும் என்று தயங்கி நிற்பவர்கள் தாராளமாக வாருங்கள், உங்களுக்குச் சொல்லித்தரத்தான் நாங்கள் இருக்கிறோம். வரும்போது மூல நூலைக் கொண்டுவாருங்கள், புரியாத வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டு. அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.