அபீட்டாலிப்போபுரோட்டீனீமியா: இன்மையும் குறைவும்

உணவிலுள்ள கொழுப்பைக் குடல் ஏற்க முடியாமற்போகும் பிறவி நோய்களுள் ஒன்றுக்கு அபீட்டாலிப்போபுரோட்டீனீமியா என்று பெயர். இந்த நீண்ட சொல்லைப் பிரித்தால், 'அ' என்பது இன்மையைச் சுட்டும் கிரேக்க முன்னொட்டு, 'லிப்போஸ்' கொழுப்பு, 'ஹைமா' குருதி. குருதிப் புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரிக்கும்போது பீட்டா எனும் பகுதியில் நின்ற, கொழுப்பைக் குருதியில் சுமந்துசெல்லும் கொழுப்புப்புரதத்துக்கே 'பீட்டா' அடையாயிற்று.

1950இல் பேசன், கார்ன்சுவைக் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் இந்நோயை முதலில் விவரித்தபோது அவர்கள் கண்டவை முள்முள்ளாகத் திரிந்த சிவப்பணுக்களும், விழித்திரைச் சிதைவும், தள்ளாட்டமுமே. குருதியில் பீட்டா கொழுப்புப்புரதம் அறவே இல்லை என்பது 1960இல்தான் தெரியவந்தது. இன்றைய பெயர் அந்த அறிதலிலிருந்து பிறந்தது.

ஆனால் பெயர் விளைவைச் சொல்கிறதே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை. நான்காம் குரோமோசோமிலுள்ள எம்.டி.டி.பி. என்னும் மரபணு, கொழுப்பை, பீட்டா கொழுப்புப்புரதத்தின் முதன்மைப் புரதமான அப்போ-பியின்மேல் ஏற்றிவைக்கும் ஒரு புரதத்தை உருவாக்குகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற இரு படிகளும் பழுதாகும்போது, உண்ட கொழுப்பு குடற்சுவரின் செல்லுக்குள் நுழைந்தும் ஏற்றுவாரின்றி அங்கேயே துளித்துளியாகத் தேங்குகிறது. ஏற்றப்படாத அப்போ-பியும் செல்லுக்குள்ளேயே சிதைக்கப்படுகிறது. அதனால் கைக்குழந்தைப் பருவத்திலேயே கொழுப்புக் கழிச்சலும் எடை ஏறாமையும் தொடங்குகின்றன. கொழுப்போடு பயணிக்கும் உயிர்ச்சத்துகள், சிறப்பாக 'இ', உடலைச் சேராமையால் பின்னாளில் நரம்பும் பார்வையும் கெடுகின்றன. கொழுப்பைக் குறைத்த உணவோடு உயிர்ச்சத்து 'இ'யை மிகுந்த அளவில் இளமையிலேயே கொடுத்துவந்தால் இந்தச் சிதைவைப் பெருமளவு தடுக்கலாம் என்பதால், நோயைக் காலத்தே இனங்காண்பது ஒரு குழந்தையின் நடையையும் கண்ணையும் காக்கும் செயலாகும்.

தமிழில் இதனைப் 'பீட்டா கொழுப்புப்புரதக் குறைபாடு' என்று எழுதுவது எனக்கு ஏற்புடையதன்று. 'குறைவு' என்னும் சொல்லை வேறொரு நோய்க்கு ஒதுக்கிவைக்க வேண்டும். கீழ், குறை என்று பொருள்படும் 'ஹைப்போ' முன்னொட்டுடைய ஹைப்போபீட்டாலிப்போபுரோட்டீனீமியா, பெரும்பாலும் இரண்டாம் குரோமோசோமிலுள்ள அப்போ-பி மரபணுவே பழுதாவதால் வருவது. அதில் ஒரு படி மட்டும் பழுதானவருக்கும் குருதிக் கொழுப்பு குறைந்தே காணப்படும். இரு படிகளும் பழுதான குழந்தையோ அபீட்டாலிப்போபுரோட்டீனீமியா உள்ள குழந்தையைப் போலவே தோன்றும். அப்போது பெற்றோரின் குருதியே வழிகாட்டும்: குறைவு நோயில் அவர்களின் கொழுப்பு அளவும் தாழ்ந்திருக்கும், இன்மை நோயிலோ அது பொதுவாக இயல்பாகவே இருக்கும்.

ஆகவே முன்னதற்குக் 'குருதிப் பீட்டா கொழுப்புப்புரத இன்மை' என்றும், பின்னதற்குக் 'குருதிப் பீட்டா கொழுப்புப்புரதக் குறைவு' என்றும் வழங்கலாம். ஒலிபெயர்ப்பையே எழுத விரும்புவோரும் 'அ', 'ஹைப்போ' ஆகிய முன்னொட்டுகளை விடாது எழுத வேண்டும்.